பீங்கான் பல் வைக்கப் போகிறீர்களா?

சகோதரிகளே, இதை வாசிக்கத் தொடங்கும் முன் உங்கள் சமையலறை அலுமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் ஒரு தட்டில் இருக்கும். பிளேன்டீ குடிக்கும் கண்ணாடிக் கிளாஸ்கள் இன்னொரு தட்டில். மூலையிலே உம்மும்மா காலத்து எனாமல் பாத்திரம் ஒன்றும் கிடக்கக்கூடும். அதன் விளிம்பு சில்லுப் போய், உள்ளேயிருக்கும் கறுப்பு இரும்பு தெரியும். பீங்கான், கண்ணாடி, உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டிய பூச்சு. இந்த மூன்றின் உறவுக்காரப் பொருட்கள்தான் இன்று பல் வைத்தியரின் கையால் நம் வாய்க்குள் போகின்றன. கடையில் ஒரு கோப்பை வாங்குவதென்றால் தட்டிப் பார்க்கிறோம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம், கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறோம். வாய்க்குள் வாழ்நாள் முழுதும் இருக்கப் போகும் பொருளைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கடந்த வருடம் அயல் வீட்டு ராத்தா ஒருவர் அஸர் தொழுத கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, மூன்று மாதத் தவணை. பிள்ளையின் மேல் முன்பற்களில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்கும். இன்னொன்றின் மூலை சிறு வயதில் விழுந்து உடைந்தது. "நாலு பல்லையும் அராவிப் பீங்கான் தொப்பி போட்டால் இரண்டு கிழமையில் முத்துப் போல வந்துவிடும்" என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ராத்தாவுக்கு மூன்று கேள்விகள் இருந்தன. "தங்கச்சி, இந்தப் பீங்கான் என்னத்தால செய்யிறது? எலும்புச் சாம்பல் சேக்கிறதாமே, உண்மையா? கோப்பை மாதிரி உடைஞ்சி போகாதா?"

அவர் கேட்காமல் விட்ட நாலாவது கேள்வி ஒன்றும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எலும்பா, மண்ணா?

எலும்புச் சாம்பல் பற்றிய பயம் ஆதாரமில்லாமல் வந்ததல்ல. 'போன் சைனா' என்று விற்கப்படும் மெல்லிய வெள்ளைக் கோப்பைகளில் மிருக எலும்பைச் சுட்ட சாம்பல் பெரும்பங்கு சேருகிறது. ஆனால் பல்லுக்கான பீங்கான் வேறு கலவை. அதில் எலும்புச் சாம்பல் கிடையாது. அதன் பெரும்பகுதி களிக்கல் எனப்படும் பெல்ட்ஸ்பார். மாத்தளைப் பக்கம் தோண்டி எடுத்து நம் நாட்டுப் பீங்கான் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்களே, அதே இனக் கல்தான். அதனோடு குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். கோப்பைக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் இதில் மிகச் சொற்பம், அல்லது அறவே இல்லை. களிமண் கூடினால் பொருள் பால் வெள்ளையாகி ஒளி உள்ளே போகாது. பல்லுக்கு வேண்டியது அந்த வெள்ளை அல்ல. கண்ணாடிக்கு முன் நின்று உங்கள் முன்பல்லின் நுனியைப் பாருங்கள், சற்றே கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அந்தச் சாயலைப் பெறுவதற்குத்தான் களிமண்ணைக் குறைத்துக் கண்ணாடித் தன்மையைக் கூட்டினார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இம்பிளான்ட் எனப்படும் பல் பதியம் செய்யும்போது தாடை எலும்பு தேய்ந்திருந்தால், அந்த இடத்தை நிரப்ப எலும்புத் தூளும் மேலே மூட மெல்லிய சவ்வும் வைப்பார்கள். அவை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும்கூடத் தயாரிக்கப்படுவதுண்டு. எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டிய இடம் அது. மாற்றுப் பொருட்களும் இருக்கின்றன. தொப்பிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மணம் பிடித்த பல்செட்

பீங்கானைப் பல்லாக்கும் யோசனை முதலில் ஒரு பல் வைத்தியருக்கு வரவில்லை, ஒரு மருந்துக் கடைக்காரருக்கு வந்தது. பிரான்ஸில், பாரிஸுக்கு அருகே இருந்த அலெக்ஸிஸ் டுஷாட்டோ என்பவர் தந்தத்தில் செதுக்கிய பல்செட் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் நீர்யானைத் தந்தம், மாட்டெலும்பு எல்லாம் பல்லாயின. இறந்தவர்களின் பற்களையும் விட்டு வைக்கவில்லை. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட சிப்பாய்களின் பற்கள் பிடுங்கி விற்கப்பட்டது சரித்திரம். தந்தம் எச்சிலை உறிஞ்சும், கறை பிடிக்கும், நாளடைவில் நாறும். மருந்து அரைத்து ருசி பார்க்கும் தொழில் டுஷாட்டோவுக்கு. பல்லில் மருந்தின் மணமும் நிறமும் ஏறிக் கொண்டே போயின. ஆனால் அதே மருந்தைக் கலக்கும் பீங்கான் பாத்திரத்தைக் கழுவினால் புதுசு போல இருந்தது. 'பல்லும் இதிலே செய்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. அது 1774.

பீங்கான் தொழிற்சாலைக்குப் போய்ச் செய்வித்தார். முதற் செட் வாய்க்குப் பொருந்தவில்லை. சுடும்போது பீங்கான் சுருங்கும், பல்லுக்கான மாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சுட்டு எடுத்தபோது அளவு தவறிப் போயிற்று. அவரோடு சேர்ந்து உழைத்த நிக்கொலாஸ் டுபுவா டி ஷெமான் என்ற பல் வைத்தியர் அந்த வித்தையைச் சீர்படுத்தி, 1789ல் பிரான்ஸ் மன்னரிடம் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்திலும் 1791ல் பெற்று, பிறகு லண்டனிலேயே தொழிலை நடத்தினார். 1808ல் இத்தாலியரான பொன்ஸி என்பவர் பல்லைத் தனித்தனியாகச் செய்து பிளாட்டின ஊசியால் பொருத்தினார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் வைத்தியர் சார்ள்ஸ் லாண்ட், பல்லைக் கழற்றாமல் அதன்மேலே பீங்கான் சட்டை மாட்டும் வழியைக் கண்டார். மெல்லிய பிளாட்டினத் தகட்டில் மாவை அப்பிச் சுடுவது அவருடைய முறை. 1927ல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே விமானத்தில் கடந்த லிண்ட்பேர்க், இவருடைய மகள் வழிப் பேரன்.

ஏன் உடைகிறது?

லாண்டின் பீங்கான் சட்டை பார்க்க அழகு. ஆனால் கடித்தால் உடைந்தது. ராத்தாவின் மூன்றாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

தங்கக் காப்பு வளையும், பீங்கான் வளையாது. உலோகத்தின் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம் கொடுக்கும். பீங்கானில் நழுவல் இல்லை. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். சீலைக் கடையில் துணி கிழித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். கையால் இழுத்தால் கிழியாத துணி, விளிம்பில் கத்தரியால் சிறு வெட்டு வைத்தவுடன் சரசரவென்று கிழிந்து போகும். பீங்கானும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், சுமை முழுவதும் அந்தக் கீறலின் நுனியில் போய்ச் சேரும். ஈரம் நிறைந்த வாய், கீறலை மெல்ல மெல்ல நீளச் செய்யும். நாலு வருடம் நன்றாக இருந்த தொப்பி ஒருநாள் பாண் துண்டைக் கடிக்கும்போது உடைவதற்குக் காரணம் அந்தப் பாண் அல்ல.

இதற்கு மருந்து தேடிய கதைதான் பல் பீங்கானின் இருநூறு வருடக் கதை.

எனாமல் பாத்திரத்தின் பாடம்

முதலில் பலன் தந்த வழி, உங்கள் அலுமாரி மூலையிலுள்ள எனாமல் பாத்திரத்தின் வழி. உள்ளே உலோகம், மேலே உருக்கி ஒட்டிய பீங்கான். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் இரண்டுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போதே மேற்பூச்சு வெடித்து உதிரும். சாதாரண பீங்கான் உலோகத்தைவிடக் குறைவாக விரியும். 1962ல் அமெரிக்காவில் வைன்ஸ்டைன் குடும்பத்தாரும் கூட்டாளிகளும் எடுத்த காப்புரிமை இந்தச் சிக்கலை அவிழ்த்தது. லியூசைட் என்னும் படிகத்தைப் பீங்கானுக்குள் போதிய அளவு இருக்கச் செய்து, அதன் விரிவைத் தங்கக் கலவையின் விரிவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வாய்களில் இருப்பது இந்த உலோகப் பீங்கான் தொப்பி. கொடுப்புப் பல்லுக்கும் நீண்ட பாலப் பல்லுக்கும் இன்றும் இது நம்பகமான பொருள். பழையது என்று யாராவது முகம் சுளித்தால் நீங்கள் சுளிக்க வேண்டாம்.

குறைகள் இரண்டு உண்டு. முரசு சற்று இறங்கினால் பல்லின் அடியில் கருமையான கோடு தெரியும். உலோகத்தை மறைக்க ஒளி புகாத பூச்சு அடித்திருப்பதால் முன்பல்லில் வைத்தால் சுண்ணாம்பு வெள்ளையாகத் தோன்றும். மற்றது பெண்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டியது. தங்கம் விலை ஏறிய பிறகு உள்ளே நிக்கலும் குரோமியமும் சேர்ந்த மலிவான கலவையும் பாவனைக்கு வந்தது. நிக்கல் ஒவ்வாமை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். காது குத்துவதும் இமிடேஷன் நகை போடுவதும் அதற்கு ஒரு காரணம். தோடு போட்டால் காது அரித்து நீர் வடிகிறதா? கைக்கடிகாரத்தின் பின்பக்கம் தோலைப் புண்ணாக்குகிறதா? அதைப் பல் வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

தங்கம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபியின் மூக்கு போரொன்றில் துண்டிக்கப்பட்டு, அவர் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தபோது அது நாற்றமெடுத்தது என்றும், தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்றும் அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் வருகிறது. ஆண்களுக்குத் தங்கப் பல் பற்றிப் பேசும் ஆலிம்கள் இதையே எடுத்துக் காட்டுவார்கள். உடலின் ஈரத்தில் வெள்ளி கறுக்கும், தங்கம் கறுக்காது. மனித உடலோடு ஒத்துப் போகும் பொருள் எது என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது.

மாத்தறைக் கல்லின் பயணம்

இனி நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு பகுதி. பேருவளைப் பக்கம் மாணிக்க வியாபாரக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு 'மாத்தறை வைரம்' என்ற பேர் பழக்கமாயிருக்கும். வைரம் போலவே மின்னும், ஆனால் வைரமல்ல, சிர்கோன் என்னும் கல். 1789ல், அதாவது பீங்கான் பல்லுக்குப் பிரான்ஸில் காப்புரிமை கிடைத்த அதே வருடத்தில், ஜெர்மனியில் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற இரசாயனவியலாளர் இலங்கையிலிருந்து போன ஒரு சிர்கோன் கல்லைப் பகுத்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு மூலகத்தின் ஒட்சைட் அதில் இருந்தது. அதுதான் சிர்கோனியா. இன்று பல் வைத்தியர் 'சிர்கோனியா கிரவுன் போடுவோமா?' என்று கேட்கிறாரே, அதே பொருள். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலிலும் இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்கோனும் கலந்திருக்கிறது.

கண்டுபிடித்த பொருள் பல்லாவதற்கு இரு நூற்றாண்டுகள் பிடித்தன. தனிச் சிர்கோனியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். சுட்டு ஆறும்போது அதன் படிகங்கள் வடிவம் மாறி, நூற்றுக்கு நாலைந்து பங்கு பருத்துவிடும். அந்தப் பருமனில் பொருள் தானாகவே நொறுங்கும். சிறிதளவு இட்ரியா என்ற இன்னொரு ஒட்சைட்டைச் சேர்த்தால், ஆறிய பின்னும் படிகங்கள் பழைய வடிவிலேயே அடங்கி நிற்கும். சந்தர்ப்பம் கிடைத்தால் பருக்கக் காத்துக் கொண்டிருக்கும் என்றும் சொல்லலாம்.

இங்கேதான் அதிசயம். வெளியே இருந்து ஒரு கீறல் உள்ளே நுழைகிறது என்று வையுங்கள். கீறலின் நுனியில் இழுவை கூடும். அந்த இழுவை பட்டவுடன் நுனியைச் சுற்றியுள்ள படிகங்கள் வடிவம் மாறிப் பருக்கும். பருத்தவை கீறலை இரு பக்கமும் நெருக்கிப் பிடித்து, மேலே போகவிடாமல் மறிக்கும். எந்தக் குணம் அதை நொறுக்கியதோ அதே குணம் இப்போது காவல் நிற்கிறது. 1975ல் அவுஸ்திரேலியாவில் கார்வி என்பவரும் அவருடைய இரு சகாக்களும் இதை வெளியிட்டபோது, மட்பாண்ட இனத்து உருக்கு என்று சொல்லலாமா என்ற பாங்கில் தலைப்பிட்டார்கள். முதலில் இடுப்பு மூட்டுக்குப் பந்தாகச் செய்து பார்த்தார்கள். பிறகுதான் பல்லுக்கு வந்தது.

பலத்தை எண்ணில் சொன்னால் விளங்கும். வளைத்து முறிக்கும் சோதனையில் பழைய களிக்கல் பீங்கான் 60, 70 மெகாபாஸ்கல் வரை தாங்கும். லிதியம் கலந்த புதிய கண்ணாடிப் பீங்கான் 400 அளவில். சிர்கோனியா 900 முதல் 1200 வரை.

சிர்கோனியாத் தொப்பியை மாவாக அப்பிச் சுடுவதில்லை. சோக்குக் கட்டி போன்ற பாதி சுட்ட கட்டியைக் கணினி இயந்திரம் கடைந்து எடுக்கும். சுடும்போது சுருங்கும் என்பதால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு பெரிதாகவே கடைந்து, பிறகு 1500 பாகை அளவு சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். டுஷாட்டோவைத் தோற்கடித்த அந்தச் சுருக்கத்தை இப்போது முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். கணினியால் பல் கடையும் வித்தையை 1985ல் சூரிச் பல்கலைக்கழகத்தில் முதல் நோயாளிக்குச் செய்து காட்டினார்கள்.

முன்பல்லுக்கு எது?

பலமானதே எங்கும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பலமான சிர்கோனியா ஒளியை அவ்வளவாக உள்ளே விடாது. ஒளி விடும்படி இட்ரியாவைக் கூட்டிச் செய்த புதிய வகைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பலம் குறைவு. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது. முன்பல்லுக்கு லிதியம் கண்ணாடிப் பீங்கான் பெரும்பாலும் பொருந்தும். ஒளி ஊடுருவும். அமிலத்தால் உட்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, பிசினால் பல்லோடு ஒட்டிவிடலாம். ஒட்டிய பிறகு பல்லும் பீங்கானும் ஒன்றாகச் சுமை தாங்கும். சிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால் அந்த அமிலம் அதை அரிக்காது. ஒட்டும் முறையும் வேறு.

நகம் போன்ற மெல்லிய பீங்கான் ஓட்டைப் பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் வழக்கமும் உண்டு. 1930களில் ஹொலிவூட் நடிகர்களுக்கு இதைச் செய்தார் பின்கஸ் என்ற பல் வைத்தியர். அப்போது நிலையாக ஒட்டும் பிசின் இல்லை, பல்செட் ஒட்டும் மாவால் ஒட்டிப் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்தார்கள். படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்ட பற்கள் இராத்திரியில் டப்பாவுக்குள் இருந்தன! பல்லோடு நிலையாக ஒட்டும் முறை 1980களில்தான் வந்தது.

இன்னொன்று, ஒரே அமர்வில் வைத்தியர் பசை போல் அப்பி நீல விளக்கைப் பிடித்து இறுகச் செய்யும் வெள்ளை அடைப்பு பீங்கான் அல்ல. அது கண்ணாடித் தூள் கலந்த பிசின். பீங்கான் காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்தால் நீங்கள் கேட்கலாம்.

கேட்காமல் விட்ட கேள்வி

ராத்தா கேட்காத நாலாவது கேள்வி இதுதான்: "இதைப் போட என் பிள்ளையின் பல்லில் எவ்வளவு அராவ வேண்டும்?"

தொப்பி என்றால் பல்லுக்கு மேலே மாட்டுவது என்று நினைக்கிறோம். மேலே மாட்ட வேண்டுமானால் உள்ளே இருப்பதைச் சிறிதாக்க வேண்டும். முன்பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல், கடிக்கும் முனையில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை அராவுகிறார்கள். ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். முன்பல்லின் மேலுள்ள கடினமான எனாமலே பல இடங்களில் அவ்வளவு தடிப்புத்தான். 2002ல் வெளியான ஓர் ஆய்வில் அராவும் முன்னும் பின்னும் பல்லை நிறுத்துப் பார்த்தார்கள். முழுத் தொப்பிக்காக, முரசுக்கு மேலுள்ள பல்லில் நூற்றுக்கு 63 முதல் 72 பங்கு வரை போய்விட்டது. மெல்லிய ஓட்டுக்கு, அதன் வகையைப் பொறுத்து, 3 முதல் 30 பங்கு வரை. எலும்பு முறிந்தால் பொருந்தும், தோல் கிழிந்தால் வளரும். எனாமல் ஒரு தடவை போனால் போனதுதான். அராவிய அதிர்ச்சியில் உள்ளேயுள்ள நரம்பு சில வருடங்களில் செத்துப் போகும் பற்களும் உண்டு. தொப்பியோ வாழ்நாளுக்கு உரியதல்ல. ஐந்து வருடத்தின் பின் நூற்றுக்கு 90க்கு மேற்பட்ட தொப்பிகள் நல்ல நிலையில் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அது நல்ல கணக்கு. ஆனால் போடுபவளுக்கு வயது இருபத்திரண்டு. அறுபது வயதுக்குள் எத்தனை தடவை மாற்ற வேண்டி வரும்? ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும்.

தேவைக்குப் போடுவது வேறு. ராத்தாவின் மூத்த சகோதரிக்குக் கொடுப்புப் பல் ஒன்றில் சூத்தை ஆழமாகி, வேர்ச் சிகிச்சை செய்தார்கள். "தொப்பி போடுங்கள்" என்று வைத்தியர் சொல்லியும் காசை நினைத்து இரண்டு வருடம் இழுத்தார். பெருநாளன்று முறுக்கு ஒன்றைக் கடித்ததும் பல் நடுவாலே இரண்டாகப் பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர்ச் சிகிச்சை செய்த கொடுப்புப் பல் குடைந்த தேங்காய்ச் சிரட்டை போல. சுற்றிப் பிடிக்க ஒரு தொப்பி வேண்டும். அங்கே தயங்கியது நட்டம். இங்கே, நோயில்லாத நாலு பல்லுக்கு அவசரப்பட்டால் அது நட்டம்.

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைப் பற்றிய கண்டிப்பான ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். குறையைத் திருத்துவது எது, படைப்பை மாற்றுவது எது என்று பிரித்துச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. ஆனால் அவர்களிடம் கேட்கப் போகும்போது 'பீங்கான் பல் வைக்கலாமா?' என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தப் பல், நோயுள்ளதா, எவ்வளவு அராவப்படும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

ராத்தா இன்னொரு பல் வைத்தியரிடம் பிள்ளையைக் கூட்டிப் போனார். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நாலு பல்லும் ஆரோக்கியமானவை என்றார். உடைந்த மூலையை வெள்ளைப் பிசினால் ஒரே நாளில் கட்டிக் கொடுத்தார், அராவவே இல்லை. ஏறியிருக்கும் இரண்டையும் கம்பி போட்டு நேராக்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும் என்றார். மூன்று மாதத்தில் நிக்காஹ். ராத்தா யோசித்தார். கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரிடமே, "பிள்ளைக்குக் கலியாணத்துக்குப் பிறகு பல்லுக்குக் கம்பி போடுவோம், சம்மதமா?" என்று கேட்டார். மாமியார் சிரித்துவிட்டு, "எங்கட மகனுக்கும் சேத்துப் போடுங்க" என்றாராம். வலீமா அன்று அந்தப் பிள்ளை வாய் மூடிச் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

போட்ட பிறகு

தேவைப்பட்டுத் தொப்பி போட்டவர்களுக்குச் சில விஷயங்கள். பீங்கானுக்குச் சூத்தை வராது, ஆனால் அதன் விளிம்பில் முரசோடு சேரும் இடத்தில் உங்கள் சொந்தப் பல் இருக்கிறது. அதற்கு வரும். பெரும்பாலான தொப்பிகளின் முடிவு அந்த விளிம்பில்தான் தொடங்குகிறது. இராத் தூக்கத்துக்கு முன் துலக்குவதும், பல்லிடுக்கில் நூல் விட்டு இழுப்பதும் இதற்காகத்தான். வெற்றிலை போடுபவர்களின் தொப்பியில் காவி ஏறாது, பக்கத்துப் பற்களில் ஏறி நிறம் வேறுபடும். பாக்கைக் கடித்து உடைப்பது பீங்கானுக்கு ஆபத்து. பாக்கினால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கு முன் அது சிறிய விஷயம்.

பல் வெளுப்பாக்கும் மருந்து பீங்கானை வெளுக்காது. வெளுக்க விருப்பமென்றால் சொந்தப் பற்களை முதலில் வெளுத்து, அந்த நிறத்துக்குத் தொப்பி செய்விக்க வேண்டும். சிலவகைப் புளிப்பான புளோரைட் ஜெல் பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும். பூச வருபவரிடம் உங்களுக்குப் பீங்கான் பல் இருப்பதைச் சொல்லுங்கள். தொப்பி பொருத்தும் அன்று "கடி உயரமாக இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தை அராவிச் சரி செய்வார்கள். அராவிய இடத்தை மீண்டும் மினுக்காமல் விட்டால் அது அரம் போல நின்று எதிர்ப் பல்லைத் தேய்க்கும். "டொக்டர், அந்த இடத்தைப் பொலிஷ் பண்ணினீங்களா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. பீங்கானின் பேர் என்ன, உள்ளே உலோகம் உண்டா, இருந்தால் எந்தக் கலவை என்பதையும் துண்டில் எழுதி வாங்கி வையுங்கள். பத்து வருடத்தின் பின் இன்னொரு வைத்தியருக்கு அது உதவும். தொப்பி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவர்தானா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இராத் தூக்கத்தில் பல் நெறுமும் பழக்கமிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வீட்டில் கூடப் படுப்பவர்களைக் கேட்டால் தெரியும். அதற்கெனத் தூங்கும்போது மாட்டும் உறை செய்து தருவார்கள்.

ஒருநாள் தொப்பி கழன்று கையோடு வந்துவிட்டால் பதறாதீர்கள். விழுங்கிவிடாமல் எடுத்துக் கழுவி, ஒரு சிறு போத்தலில் போட்டு மூடுங்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்ட வேண்டாம். அது வாய்க்குரிய பொருளல்ல, ஒரு மயிரளவு சரிந்து ஒட்டினாலும் தொப்பியும் பல்லும் இரண்டும் வீணாகும். அந்தப் பக்கத்தால் மெல்லாமல், முடிந்தால் அடுத்த நாளே கொண்டு போங்கள். அராவிய பல் வாரக்கணக்கில் மூடியில்லாமல் இருந்தால் பக்கத்துப் பற்கள் நகரத் தொடங்கும். பிறகு அதே தொப்பி அதே பல்லில் உட்காராது.